வெட்கப்படும் பூனை

அச்சகத்தில் பக்கம் அமைக்கும் அவளுக்கு மார்ஜின் அக்கா என்று பெயர். எதைக் காட்டினாலும் "ஓரம் விடுங்கப்பா" என்பாள். இணையதள வேலைகளும் வரத் தொடங்கியதால், முதலாளி அவளை இணையதளம் செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார்.

அங்கே ஆசிரியை பாடம் நடத்துவது குறைவு. பழைய மாணவர்கள் செய்த தளங்களைத் திறந்துவைத்து, "தொட்டுப் பாருங்க, எப்படிப் பண்ணியிருக்காங்கன்னு கண்டுபிடிங்க" என்பார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தாளில் வைத்த எழுத்து வைத்த இடத்தில் இருக்கும். இங்கே தொட்டால் ஓடுகிறது, விட்டால் விரிகிறது.

ஒரு தளம் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆதரவற்ற பூனைகளின் காப்பகத்துக்கானது. மவுஸ் சுட்டியைக் கிட்டே கொண்டுபோனால் திரையிலிருக்கும் பூனை இரண்டடி பின்வாங்கும், தயங்கும், பிறகு மெல்ல வரும். 'என்ன யோசனை!' என்று சொக்கிப்போனாள். அதேபோல் செய்ய வாரக்கணக்கில் மல்லுக்கட்டினாள். அவள் பூனையோ ஆணி அடித்ததுபோல் நிற்கும், இல்லையென்றால் தலைகீழாகும்.

"இன்னைக்காவது பூனை வந்துச்சா?" என்று வீட்டுக்காரர் தினமும் கேட்டார்.

"வாலு வந்துச்சு."

ஒருநாள் அந்தத் தளத்தைச் செய்த மாணவன் சான்றிதழ் வாங்க வந்தான். அக்கா விடுவாளா? கையோடு பிடித்து உட்காரவைத்தாள்.

"தம்பி, பூனையை எப்படிப்பா வெட்கப்பட வச்சே?"

அவன் விழித்தான். "வெட்கமா? அது தப்புக்கா. நேரா வரணும்னுதான் எழுதினேன். கணக்கு எங்கேயோ இடிச்சுடுச்சு. திருத்த நேரமில்லை, அப்படியே கொடுத்துட்டேன்."

பக்கத்திலிருந்த ஆசிரியையின் முகம் மாறியது. "அடப்பாவி, அதுக்காகத்தானே நான் மார்க்கை அள்ளிப் போட்டேன்!"

இத்தனை நாள் தான் கற்றது பாடமா, பிழையா? அக்காவுக்கு விளங்கவில்லை.

"சரி, அந்தத் தப்பையாவது சொல்லிக்கொடு."

"எனக்கே ஞாபகமில்லைக்கா."

அக்காவும் அவனும் நிரலை வரிவரியாகத் தேடினார்கள். கடைசியில் அக்காவின் பூனை அழகாகப் பின்வாங்கியது. ஆனால் திரும்பவில்லை, நடந்து திரையைவிட்டே போய்விட்டது. அதையே தன் பயிற்சி வேலையாக ஆசிரியையிடம் கொடுத்தாள். ஆசிரியை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தேர்ச்சி போட்டார். ஏன் என்று கேட்க அக்காவுக்குத் துணிவு வரவில்லை.

முதலாளியும் பார்த்தார். "பூனை எங்கம்மா போச்சு?"

"தெரியலை சார்."

"திரும்ப வருமா?"

"வரவைக்கணும்னுதான் பார்க்கிறேன்."

அவர் தலையைச் சொறிந்தபடி, புதிதாக வந்திருந்த பல் மருத்துவமனைத் தள வேலையை அவளிடமே ஒப்படைத்தார்.