அமெரிக்க எட்டு

புக்கிட் பாஞ்சாங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்து புதுக் காலணியையும் காலுறையையும் கழற்றியபோதுதான் இரத்தத்தைப் பார்த்தேன். வலது பெருவிரல் ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. வலியே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனது எனக்கே தெரிந்திருக்கவில்லை. என் அண்ணனுக்கும் இப்படியொரு சின்னப் புண்ணில்தான் தொடங்கியது. கடைசியில் காலையே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கிளினிக்கில் தாதி புண்ணைச் சுத்தம் செய்தார்.

“விரலை எடுத்துடுவாங்களாம்மா?”

அவர் என் புதுக் காலணிக்குள் இருந்த எண்ணைப் பார்த்தார்.

“அங்கிள், என்ன சைஸ் போடுவீங்க?”

“எப்பவும் ஃபேரர் பார்க் கடையில எட்டுதான் வாங்குவேன். இத ஆன்லைன்ல வாங்கினேன்.”

“இது யூஎஸ் எட்டு லா, உங்களுக்கு ஒரு சைஸ் சின்னது. கடையில நீங்க வாங்குறது யூகே எட்டு. அதுக்கு யூஎஸ்ல ஒன்பது வேணும். மத்தவங்களுக்கு ஒரு மணி நேரத்துல வலிச்சிருக்கும்.”

நான் அதை மூன்று நாள் போட்டு நடந்திருந்தேன்.

புண் ஆற ஐந்து வாரம் ஆனது. விரல் தப்பியது. இப்போது பாதத்தை அளந்து, சென்டிமீட்டர் கணக்கில்தான் காலணி வாங்குகிறேன். ஆனாலும் தினமும் மாலையில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் நிம்மதி வருகிறது.