வெட்டச் சொன்ன தோப்பு

வேலூரிலிருந்து மரக்காணத்துக்கு நேர் பேருந்து கிடையாது. ஆரணி, வந்தவாசி வழியாகத் திண்டிவனம் போய், அங்கே வேறு வண்டி மாற வேண்டும். 2006 மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், விடியற்காலை நாலரை மணி வண்டியில் ஏறினேன். வயது எழுபத்திரண்டு. தனியாகப் போக வேண்டாமென்று வீட்டில் சொன்னார்கள். ஒரு விவசாயியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எதற்காக என்று சொல்லவில்லை.

அதை இங்கே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சுனாமி வந்த அடுத்த மாதம், பொங்கல் கழிந்து, எங்கள் தெருக்காரர்கள் அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு மரக்காணம் பக்கம் போனபோது நானும் போனேன். கூனிமேட்டுக்குச் சற்று வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு முந்திரித் தோப்பு. கடல் நீர் உள்ளே வந்து சில நாள் நின்று வடிந்திருந்தது. மரங்கள் இலையெல்லாம் கருகி, எலும்பு போல நின்றன. நான் தாவரவியல் வாத்தியார் என்று யாரோ சொல்லிவிட, தோப்புக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இது பிழைக்குமா என்று முன்னால் நின்ற ஏகாம்பரம் என்பவர் கேட்டார்.

செருப்பில் சேறு படும் என்று நான் தோப்புக்குள் இறங்கவில்லை. வரப்பில் நின்றபடியே, கைக்கு எட்டிய ஒரு கிளையின் நுனியை ஒடித்தேன். பட்டென்று முறிந்தது. அடிமரத்தைக் கீறிப் பார்த்திருக்க வேண்டும். முதலாண்டு மாணவனுக்கே அதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். செய்யவில்லை. “எல்லாம் போச்சு. மண்ணில் உப்பு ஏறிவிட்டது, பல வருடத்துக்கு ஒன்றும் வராது. கரையான் பிடிப்பதற்குள் வெட்டி விறகாக்கிவிடுங்கள்” என்றேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு கூட்டமே ‘சார், சார்’ என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சொல் வாயில் வரவில்லை.

போன மாதம் ஒரு திருமணத்துக்காகக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும்போது, பேருந்து ஜன்னலிலிருந்து அந்த இடத்தைப் பார்த்தேன். ஏகாம்பரத்தின் தோப்பு இருந்த பக்கம் வெட்டவெளி. அதை ஒட்டி, ஒரே ஒரு வரப்புக்கு அப்பால், முந்திரி மரங்கள் பூத்து நின்றன. வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பி வரும்போது அந்தப் பக்கம் உட்காராமல் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் இந்தப் பயணம்.

*

எட்டே முக்காலுக்குத் திண்டிவனம். தேநீர் இரண்டு ரூபாய். மரக்காணம் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் நிலம் மூன்று முறை முகம் மாறுகிறது. முதலில் செம்மண்ணும் மணிலாக்கொட்டை வயல்களும். பிறகு பனைகள் நெருங்குகின்றன. கடைசியில் கழுவெளி ஏரியின் தட்டைவெளி. மரமே இல்லாமல், தண்ணீரும் கோரையும் நாரைகளுமாக. அதைத் தாண்டியதும் கண் கூசத் தொடங்கும். உப்புப் பாத்திகள். பனையோலை போர்த்திய உப்புக் குவியல்கள், தூரத்திலிருந்து பார்க்கக் கூரை மட்டும் உள்ள வீடுகளைப் போல.

மரக்காணம் பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் சலீம், கூனிமேட்டுக்காரர். போகவர நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்குச் சம்மதித்தார். ஏகாம்பரம் என்பவரைத் தெரியுமா என்று கேட்டேன்.

“எந்த ஏகாம்பரம் சார்? தோப்பு போன ஏகாம்பரமா?”

ஊரில் அவருக்கு அதுதான் அடையாளமாகிவிட்டது என்று புரிந்தது. ஆமாம் என்றேன்.

“அவரு இன்னேரம் தோப்புப் பக்கம் இருக்கமாட்டாருங்க. புருசனும் பொஞ்சாதியும் உப்பளத்துக்கு வந்துடுறாங்க. வேல முடியற நேரம்தான். ஏறுங்க, புடிச்சிடலாம். நீங்க அவருக்குச் சொந்தமா?”

“இல்லை. ஒரு முறை வந்திருக்கிறேன்.”

“சுனாமிக்கு வந்தீங்களா? அப்ப வந்தவங்க யாரும் ரெண்டாவது தபா வந்து நான் பாக்கல சார்.” கேலியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

*

பாத்தி வரப்புகளில் உமரி சிவந்து கிடந்தது. உப்பைத் தின்று வாழும் செடி அது. ஒடித்தால் சாறு கரிக்கும். ஏகாம்பரம் உப்பு வாரும் மரப்பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பதுக்கு மேல் வயதிருக்கும். பாதங்கள் வெளுத்து வெடித்திருந்தன. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த மரியாதை எனக்குத் தாங்கவில்லை.

“சார்! நீங்களா? தனம், வேலூரு சாரு வந்துருக்காரு பாரு. அன்னிக்கி தோப்பப் பாத்துச் சொன்னாரே, அவரு.”

அவர் மனைவி தனம் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வணக்கம் சொன்னாள்.

“நீங்க அப்பவே சொன்னதால வெறகாவது ஆச்சு சார். லேட்டு பண்ணியிருந்தா கரையான்தான் தின்னுருக்கும்.”

நான் சொல்ல வந்ததைச் சொல்லப் போனேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்: “பக்கத்துல கோதண்டம் தோப்பு பொழச்சிக்கிச்சி. அது மேடு சார். உப்புத்தண்ணி நிக்கல. நம்மது பள்ளம். இன்னா பண்றது.”

“எல்லாம் அம்மன் செயலு,” என்றாள் தனம்.

நன்றியை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. “தோப்பை ஒரு முறை பார்க்கலாமா?” என்று மட்டும் கேட்டேன். மூவரும் ஆட்டோவில் ஏறினோம்.

கூனிமேட்டுச் சாலையில் ஓரிடத்தில் கடல் நன்றாகத் தெரியும். அங்கே சலீமை நிறுத்தச் சொன்னேன். சென்ற ஆண்டு பார்த்தபோது, அலை வழித்தெடுத்த மணல், வலைத் துண்டுகள், சாய்ந்த தாழம்புதர், இவ்வளவுதான் இருந்தன. இப்போது அடும்பங்கொடி மணலைப் பிடித்திருந்தது. கணுவுக்குக் கணு வேர் இறக்கி, ஊதாப் பூக்களோடு கடலை நோக்கி ஓடுகிறது. அதற்குப் பின்னால் இராவணன் மீசைப் புல், முள்ளும் உருண்டையுமாக. சாய்ந்த தாழை சாய்ந்தபடியே புது விழுது ஊன்றி நிற்கிறது. தண்ணீர் தேங்கிய பள்ளங்களில் முதலில் உமரி வந்து நிரம்பியதாம், ஏகாம்பரம் சொன்னார். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த பெருமழை உப்பை அலசிக்கொண்டு போனதும் உமரி பின்வாங்க, கோரையும் அருகும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. ஆடுகள் புழுக்கையில் கொண்டுவந்து போட்ட சீமைக் கருவேலம், முன்பு இல்லாத இடங்களிலும் முளைத்திருக்கிறது. இதையெல்லாம் பல ஆண்டுகள் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியவன் நான்.

*

தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. முந்திரிப் பூவின் இனிப்பு வாசனை சாலை வரை வந்தது. கோதண்டம் தன் மரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். தோப்பு அவருக்கும் அவர் அண்ணன் தாமோதரனுக்கும் பொது, பாகம் பிரிக்கவில்லை.

மரம் எப்படித் தப்பியது என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார்.

“அதயேன் சார் கேக்கறீங்க. நாங்களும் வெட்டத்தான் இருந்தோம். கோடாலியெல்லாம் தீட்டியாச்சு. கெழக்கால இருக்கிற பெரிய மரமெல்லாம் எனக்குன்னான் எங்க அண்ணன். ஏண்டா, நீ மட்டும்தான் அப்பனுக்குப் பொறந்தியான்னு கேட்டேன். அவ்ளோதான், மண்ட ஒடைஞ்சி போச்சு. பஞ்சாயத்துல, ரெண்டு பேரும் மரத்தத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. நாங்க அடிச்சிக்கினு கெடக்கறப்பவே அது பாட்டுக்குத் துளுக்க ஆரம்பிச்சிடுச்சி.”

“இப்பயாச்சும் சமாதானமா?” என்று சலீம் சீண்டினார்.

“எங்கப்பா! அப்ப வெறகுக்கு சண்ட, இப்ப கொட்டைக்கு சண்ட.”

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. நான் கோதண்டத்தின் மரங்களைப் பார்த்தேன். சேற்றுநீர் நின்ற கறை அடிமரங்களில் முழங்கால் உயரத்துக்கு இன்னும் இருந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம், ஏகாம்பரத்தின் வேலிக் கல்லிலும் அதே உயரத்தில் அதே கறை.

“ஏகாம்பரம், இது மேடும் இல்லை, அது பள்ளமும் இல்லை. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர்தான் நின்றிருக்கிறது. உங்கள் மரங்களும் உயிரோடுதான் இருந்திருக்கும். நான் சரியாகப் பார்க்காமல் சொன்னேன். உள்ளே இறங்கக்கூட இல்லை. தப்பு என்னுடையது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

கோதண்டம் சருகு கூட்டுவதை நிறுத்தினார். ஏகாம்பரம் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

“தெரியும் சார்.”

எனக்குப் புரியவில்லை.

“மொத மரத்துல கோடாலி போட்டப்பவே தெரியும். உள்ள பச்சையா இருந்திச்சி. தண்ணி கசிஞ்சிச்சி. வெறகு வண்டி வந்து நின்னுகினு இருக்குது. படிச்சவரு சொல்லிட்டாரு, நமக்கின்னா தெரியும்னு நெனச்சேன். ரெண்டாவது மரமும் பச்ச. அப்பறம் நான் பாக்கறதயே உட்டுட்டேன். நீங்க வெட்டல சார். நான்தான் வெட்டுனேன், எங்கையால.”

தனம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். “யோவ். இத்தினி நாளா மேடு, மேடுன்னு சொன்னியே?”

அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மன் என்னா பாவத்துக்கு நம்மள மட்டும் பள்ளத்துல வெச்சான்னு நான் நேந்துக்கினு கெடந்தேனே. ஒரு வார்த்த சொன்னியாய்யா?”

நான் என் மனப் பாரத்தை இறக்கிவைக்க வந்தவன். அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லாமல் சுமந்ததை என்னால் அவள் முன்னால் இறக்கும்படி ஆகிவிட்டது. இதை நான் யோசித்திருக்கவில்லை.

பிறகு ஏகாம்பரம், வேறு எதையோ பேசுவதுபோல, “கெழக்கு வேலியோரம் கொஞ்சம் அடிக்கட்டைய தோண்டாம உட்டிருக்கேன் சார். அடுத்த வாரம் மெசினு வருது. மொத்தமா பேத்துட்டு சவுக்கு வைக்கலாம்னு. அதுல துளிரு வருது, ஆடு மேஞ்சிட்டுப் போவுது. எடுக்கறதா, உடறதா? நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றார்.

மறுபடியும் என்னைக் கேட்டார். அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

செருப்பைக் கழற்றினேன். முழங்காலை ஊன்றி, ஒவ்வொரு கட்டையாக மண்ணைத் தள்ளி, பட்டையைப் பேனாக்கத்தியால் கீறினேன். தனம் பின்னாலேயே வந்து நின்றாள். பலவற்றைக் கரையான் தின்று பொடியாக்கியிருந்தது. வேலிக்கு ஒட்டிய சிலவற்றில், தோலுக்கு அடியில் பச்சை. வேரிலிருந்து விரல் நீளத் துளிர்கள், நுனியில் ஆட்டின் பல் பட்ட தடம்.

“இவை உயிரோடு இருக்கின்றன. ஆடு தொடாமல் காத்தால் தழைக்கும். ஆனால் பழைய மாதிரி காய்க்குமா, எப்போது காய்க்கும்?” நிறுத்தினேன். “தெரியாது. இன்னும் ஒரு மழை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.”

“தெரியாதுன்னு சொல்றதுக்கு இம்மாந்தூரம் வந்தீங்களா?” என்றாள் தனம்.

“ஆமாம்மா,” என்றேன்.

அவள் வேலிப் பக்கம் போனாள். வெட்டிக் குவித்திருந்த சீமைக் கருவேல முள்ளில் ஒரு கொம்பை இழுத்துவந்து, துளிர்விட்ட ஒரு கட்டையைச் சுற்றிப் போட்டாள். ஏகாம்பரம் இன்னொன்றை இழுத்தார். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. நானும் ஒரு கொம்பைத் தூக்கப் போனேன்.

“உடுங்க சார். முள்ளு,” என்றார் ஏகாம்பரம். என்னைப் பார்க்காமல் சொன்னார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

*

ஒன்றரை மணி வண்டியில் மரக்காணத்தை விட்டுக் கிளம்பினேன். சலீம் நூற்றிருபதுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். “அடுத்த தபா வந்தா கூனிமேட்டுல எறங்கி யாரக் கேட்டாலும் என் பேரச் சொல்வாங்க,” என்றார். வருவேனா என்று அவர் கேட்கவில்லை. மழைக்காலம் முடிந்ததும் என்று நானாகவே சொன்னேன்.

ஆரணி தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் பக்கம் கடலும் இல்லை, உப்பும் இல்லை. பாறை மலைகளும் மணலோடும் பாலாறும்தான். கண்ணமங்கலம் நெருங்கும்போது, மலைச்சரிவில் தீ ஒரு மெல்லிய கோடாக ஏறிக்கொண்டிருந்தது. அது விட்டுச் சென்ற இடமெல்லாம் கரி. எங்கள் மலைகள் பெரும்பாலும் எல்லாக் கோடையிலும் எரிகின்றன. கோடைமழை ஒன்று பெய்தால் போதும், கரிக்கு நடுவே புல் எழும். கட்டையிலிருந்து உசில் மரம் துளிர்க்கும். ஆண்டுதோறும் மாணவர்களை அங்கே கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறேன். கடற்கரைக்கு வந்தபோது அது எப்படி மறந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். “மலையே போச்சு பாருங்க. இனிமே அங்க இன்னா வரும்?”

பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தார்.

“தெரியலைங்க,” என்றேன். “மழை வந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.”