பரிமளா வீட்டு இரண்டு பெட்டிகள்

மீன் விற்கும் பெண் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் நெஞ்சுயரத்துக்கு இரண்டு பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் நிற்பதைப் பார்த்தால் உங்கள் வாயில் முதலில் வரும் கேள்வி என்ன?

"இது எப்படி இங்கே வந்தது?" என்பதுதானே? அதே பெட்டிகளை ஒரு டாக்டர் வீட்டில் பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். "எந்த வருஷத்துச் செட்டு சார்? அருமையா வச்சிருக்கீங்க" என்றிருப்பீர்கள். பொருள் ஒன்று, கேள்வி இரண்டு. சாதியும் பணமும் நம் மனத்தில் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடி அலைய வேண்டாம். இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

பரிமளாவின் வீடு சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு வடக்கே உள்ள ஒரு குப்பத்தில் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. காலையில் கரையில் ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டியை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு, மாமல்லபுரம் போகிற சாலையோரப் பங்களாக்களில் மீன் கொடுப்பது அவர் தொழில். கணவர் காத்தவராயன் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுபவர். பாறையில் மோதிக் கிழிந்த படகை அவர் கையில் கொடுத்தால், கிழிந்த இடம் எதுவென்று படகுக்காரனே தேடுவான்.

அந்தப் பங்களாக்களில் ஒன்றின் பின்கட்டில் பரிமளா ஒருநாள் வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பாட்டு ஓடியது. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரிலும் பஸ்ஸிலும் சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய பழைய சினிமாப் பாட்டுதான். ஆனால் அன்றைக்குப் பாடுகிற குரலுக்குக் கீழே வேறு ஏதோ ஒன்று நகர்ந்தது. தடித்த தந்தி ஒன்றின் ஒலி. குரல் நிற்கும்போதும் அது நிற்கவில்லை. பரிமளாவின் கத்தி பாதி மீனில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் அவர் சொன்னது இது: "பாட்டுக்கு அடியில ஒருத்தன் தனியா நடந்துகினு கீறான்யா. இத்தினி வருசமா அவன நான் கேட்டதே இல்ல. யாரு அவன என்கிட்டேந்து மறைச்சு வச்சது?"

தடித்த புத்தகங்கள் பல பக்கம் செலவழித்துச் சுற்றிவளைத்துக் கேட்பதை அவர் மீன் நாற்றம் போகாத கையோடு ஒரே வரியில் கேட்டுவிட்டார். உழைக்கிறவர்களுக்குப் பாட்டு உண்டு. ஆனால் பாதிப் பாட்டுதான் உண்டு. மீதிப் பாதி நல்ல பெட்டி வைத்திருப்பவர்களின் கூடத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

பிறகு அந்தப் பங்களா கைமாறியது. இடிக்கப்போகிற வீட்டின் பழைய சாமான்கள் சாலையோரம் இருந்த நௌஷாதின் காயலான் கடைக்கு வந்து சேர்ந்தன. உடைந்த வாஷிங்மெஷினுக்குப் பக்கத்தில் மழையில் நனைந்தபடி அந்த இரண்டு பெட்டிகளும் நின்றதைப் பரிமளா பார்த்துவிட்டார். மொபெட்டை அங்கேயே நிறுத்தினார்.

"எக்கா, இது பாடாதுக்கா," என்றார் நௌஷாத். "உள்ள எல்லாம் போச்சு. வேணும்னா கோழிக்கூடு பண்ணிக்கோ."

"கோழிய நீ உன் வூட்ல வளத்துக்கோ பாய். எனக்கு ஒரு ஆட்டோ சொல்லு."

பேரம் பேசாமல் பரிமளா வாங்கிய பொருள் வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான் என்று காத்தவராயன் இன்றைக்கும் கேலி செய்கிறார்.

வீட்டில் பெட்டிகளின் முன்பக்கத் துணியைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மேலே இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள், கீழே சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர். அந்தப் பெரியதின் கூம்புக் காகிதத்தைச் சுற்றி ஓரத்தில் இருந்த ஸ்பாஞ்ச் வளையத்தைக் கடல்காற்று தின்றிருந்தது. தொட்டால் மாவாக உதிர்ந்தது.

காத்தவராயன் குனிந்து பார்த்தார். ஓட்டை. ஓட்டையைக் கண்டால் அடைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அவர் கைகளுக்குத் தெரியாது. பரிமளா வியாபாரத்துக்குப் போயிருந்த நேரத்தில் உதிர்ந்த ஸ்பாஞ்சைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தார். படகுக்குப் போடும் ஃபைபர் இழைப்பாயை வளையமாக வெட்டி வைத்தார். ரெசின் பசையைக் கலந்து பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டார். மனைவி திரும்பி வந்ததும் பெருமையாகத் தட்டிக் காட்டினார். "இனிமே கடல்ல தூக்கிப் போட்டாலும் தண்ணி பூராது."

பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றில் மாட்டிப் போனிலிருந்து பாட்டைப் போட்டார்கள். பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் யாரோ கத்துவதுபோல் இருந்தது. அடியில் நடக்கிற ஆளின் சுவடே இல்லை.

பரிமளா அந்த வளையத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "அழகாத்தான் கட்டிகீற. பாடுற ஆளையும் உள்ள வச்சுக் கட்டிட்டியேய்யா."

அடுத்த ஓய்வுநாளில் பெரிய ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் செங்கல்பட்டுக்குப் போனார்கள். அங்கே பஜாரில் அஜ்மல் ரேடியோ, டி.வி., ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். புடவையைப் பிரித்ததும் அஜ்மல் விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு கடையே அதிரச் சிரித்தார்.

"யாரு அண்ணாத்த இத ஒட்டினது? கப்பலுக்கே இவ்ளோ ஸ்ட்ராங்கா ஒட்ட மாட்டாங்களே!"

"நான்தான் பாய்," என்றார் காத்தவராயன், தரையைப் பார்த்தபடி.

"சூப்பர் வேலை. ஆனா இது படகு இல்ல. இந்தக் காயிதம் முன்னயும் பின்னயும் ஆடணும். அது ஆடினாத்தான் சவுண்டு. ஓரத்துல கீறது கதவுக்குக் கீல் மாதிரி. நீ கீலுக்கு வெல்டு வச்சுட்ட."

"இப்ப இன்னா பண்றது?"

"எடுக்கணும். ரெசின் எங்க விடும், எங்க விடாதுன்னு எனக்குத் தெரியாது. நான் கை வச்சா காயிதம் பூடும். நீ எடு, நான் கட்டுறேன்."

இப்படித்தான் அந்த வேலை நடந்தது. காத்தவராயன் தான் போட்ட ஒட்டைத் தானே பிளேடால் மயிரிழை மயிரிழையாகச் சீவி எடுத்தார். ஒரு காகிதத்தில் சின்னக் கிழிசல் விழுந்தது. அதை அஜ்மல் மெல்லிய தாளும் பசையும் வைத்து மூடினார். "திரும்ப ஸ்பாஞ்ச் போட்டா உங்க ஊர்க் காத்து திரும்பத் தின்னும்க்கா. ரப்பர் வளையம் போடறேன், பழசவிட நல்லாவே நிக்கும்" என்றார். வளையத்தை ஒட்டும்போது கூம்பு நடுவில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் உரசும். பரிமளா இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மெதுவாக அழுத்த, மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உரசுகிறதா என்று காது கொடுத்தார்கள். உரசவில்லை.

இன்னொரு நாள் அஜ்மலே குப்பத்துக்கு வந்தார். பெட்டிக்குள் ஒரு பலகை உண்டு. எந்த ஒலி பெரிய ஸ்பீக்கருக்குப் போக வேண்டும், எது சின்னதுக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அதுதான். அதிலிருந்த கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருந்தன. எல்லாவற்றையும் மாற்றினார். பின்பக்கம் துருப்பிடித்திருந்த ஒயர் முனைகளை எடுத்துவிட்டுப் பித்தளை முனைகளைப் போட்டார். பழைய பெட்டிகளைச் சேர்க்கிற ஒருவர் அஜ்மலின் கடையில் இதைக் கேள்விப்பட்டு, "ஒரிஜினலைக் கெடுத்துட்டீங்களே, மதிப்பே போச்சே" என்று வருத்தப்பட்டாராம். அஜ்மல் அதைச் சொன்னபோது பரிமளா கேட்டார்: "பழச அப்பிடியே வச்சுக் கும்புட நான் இன்னா கோயிலா கட்டிகீறேன்?" பகுத்தறிவு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த வரியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீடும் மாறியது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் வெட்டி ஒதுக்கிய கருங்கல் பலகைகள் இரண்டு பெட்டிகளுக்கு அடியில் வந்தன. சுவரோடு ஒட்டி நின்ற பெட்டிகள் ஒரு முழம் முன்னே நகர்ந்தன. சிமெண்ட் சுவரில் சத்தம் மோதித் திரும்பி எரிச்சலூட்டியதால், எதிர்ச் சுவர் முழுக்கப் பழைய வலைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டார் பரிமளா. எதிரொலி அடங்கியது.

அன்றைக்குப் பாட்டைப் போட்டதும் அந்த ஆள் வந்தான். குரலுக்குக் கீழே, நிதானமாக, தன் பாட்டுக்கு நடந்து வந்தான். பரிமளா கணவரின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "வந்துட்டான்யா!"

அதன்பிறகு மத்தியானங்களில் அந்தக் கூடம் நிறைய ஆரம்பித்தது. வியாபாரம் முடிந்து, சோறு பொங்கி, கூடை கழுவி வைத்த பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுப் பூவாயி. அவரும் மீன் வியாபாரிதான், ஏலத்தில் அவர் குரலுக்குத் தனி மரியாதை உண்டு. "இன்னாடி பரிமளா இது! பாடுறவ என் மடியில வந்து குந்திகினா மாரி கீது" என்றார். பிறகு தினமும் வந்தார். நாகஸ்வரக் கச்சேரியில் தவில்காரர் விரல் உறையால் தோலைத் தொடுகிற சத்தம் வரை கேட்டார்கள். நாளெல்லாம் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தே பழகியவர்கள் யாருக்கும் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்காத ஒரு மணி நேரம் அது.

ஆடித் திருவிழா வந்தது. மீன்பாடு குறைந்து ஊரில் திருவிழா வரி சரியாகச் சேரவில்லை. ஊர்க் கூட்டம் கூடியது. வழக்கப்படி ஆண்கள் மட்டும் உட்கார்ந்தார்கள், பெண்கள் ஓரமாக நின்றார்கள். ஊர்த் தலைவரான நாட்டார் செங்கல்வராயன் எழுந்து, "மைக் செட்டு இந்த வருசம் வெளிலேந்து வேணாம். நம்ம பரிமளா வூட்ல ரெண்டு பொட்டி கீதே, அதக் கோயிலாண்ட வச்சுக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வீட்டுக் கூடத்துக்குச் செய்த பெட்டியைத் திறந்தவெளியில் வைத்து ஊருக்கே கேட்கும்படி முடுக்கினால் சுருள் கருகிப் பெட்டி செத்துவிடும். அது அங்கே இருந்த பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அடுத்தவர் வீட்டுப் பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

காத்தவராயன் எழுந்தார். கூட்டத்தில் வாய் திறக்காத மனிதர். "பொட்டி அவளுது. அவளக் கேட்டீங்களா?"

ஒரு சிரிப்பலை எழுந்தது. "இன்னா காத்தவராயா, வூட்ல அவுங்க ராஜ்ஜியமா?" என்றார் ஒருவர்.

"ராஜ்ஜியமோ இன்னாவோ. பொட்டி அவளுது. அவளக் கேட்டீங்களா?" காத்தவராயன் உட்காரவில்லை.

வேறு வழியில்லாமல் செங்கல்வராயன் பெண்கள் நின்ற ஓரத்தைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற?"

"குடுக்க மாட்டேன் நாட்டாரே," என்றார் பரிமளா. "அங்க வச்சா எரிஞ்சு பூடும்."

"அம்மனுக்கே இல்லன்றியா?"

"அம்மன் கேக்கல. நீதான் கேக்குற."

கூட்டம் கொதித்தது. கடவுளின் பேரில் கேட்டதை ஒரு பெண் மறுத்தால் அதற்கு நம் ஊர்களில் தண்டனை தயாராக இருக்கும். ஏலத்தில் பரிமளா சொல்லும் விலையை இனி ஏற்கக் கூடாது என்று முடிவானது. மீன் இல்லையென்றால் வியாபாரம் இல்லை. பெட்டியைக் கொடுக்கும்வரை அடுப்பை அணைத்துவைக்கும் ஏற்பாடு அது. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்க அங்கே ஆளில்லை.

அன்று மத்தியானமும் பரிமளா பாட்டுப் போட்டார். பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பாட்டு முடிகிறவரை ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் படகுகள் கரையேறின. வலை முழுக்கச் சின்னக் கவளை மீன். பெரிய மீன் என்றால் வெளியூர் வியாபாரிகள் வருவார்கள். கவளையை இந்தப் பெண்களை விட்டால் வாங்க ஆளில்லை. வெயில் ஏறினால் கெட்டுப்போகும். மணலில் முதல் குவியலைக் கொட்டி ஏலக்காரர் கூவினார். பரிமளா விலை சொன்னார். ஏலக்காரர் காதில் விழாததுபோல் அடுத்த முகத்தைப் பார்த்தார்.

அடுத்த முகம் பூவாயியுடையது. அது வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த முகமும் திறக்கவில்லை. ஏலக்காரர் விலையை இறக்கிக் கூவினார். மறுபடி இறக்கினார். கூடைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தனை பெண்களும் கடலைப் பார்த்தபடி நின்றார்கள். குவியலில் ஈ மொய்க்கத் தொடங்கியது. படகுக்காரர்கள் நாட்டாரைக் கூட்டிவந்தார்கள். கரையில் கிடந்ததில் அவர் மகனின் படகு மீனும் உண்டு.

"இன்னா பூவாயி, வாயில கொழுக்கட்டையா?" என்றார் செங்கல்வராயன்.

"பரிமளா வெலை சொன்னா எடுத்துக்கச் சொல்லு, நானும் சொல்றேன். அவ வாய அடைச்சா எங்க வாயும் அடைஞ்சுக்கும்."

"அம்மன் காரியம்மா இது!"

"அம்மனுக்கு மைக் செட்டு நீ புடி. அந்தப் பொட்டி எங்களுது. மத்தியானத்துல நாங்க மனுசியா குந்திகினு கீற எடம் அது ஒண்ணுதான். அதயும் தூக்கினு போய் எரிப்பியா?"

நாட்டாரின் மகன் தன் மீனைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான். "நைனா, வுடு நைனா" என்றான்.

செங்கல்வராயன் ஏலக்காரரைப் பார்த்துக் கையை அசைத்தார். பரிமளா சொன்ன விலை, கரை முழுக்கக் கேட்கும்படி, உரக்கத் திருப்பிச் சொல்லப்பட்டது.

திருவிழா படாளத்திலிருந்து வந்த குழாய் ஸ்பீக்கர்களோடு அலறி முடிந்தது. பெட்டிகள் கருங்கல் பலகைகளின் மேலேயே நிற்கின்றன. செங்கல்வராயன் இன்னும் அந்த வீட்டுப் படியேறவில்லை. அவர் மனைவி ஏறிவிட்டார், வலைச் சுவரோரம் அவருக்கு இப்போது நிரந்தர இடம்.

உங்கள் ஊரிலும் கூட்டம் கூடும். கோயிலின் பேரிலோ, குடும்பத்தின் பேரிலோ, ஊர் நன்மையின் பேரிலோ, ஒரு பெண்ணின் பொருளை யாருக்குக் கொடுப்பது என்று அவரை ஓரமாக நிற்கவைத்துவிட்டுப் பேசுவார்கள். நீங்களும் அங்கே உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது தயவுசெய்து காத்தவராயன் செய்ததைச் செய்யுங்கள். எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, "அவங்களக் கேட்டீங்களா?" என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள். இன்னொரு முறை சொல்லுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை உட்காராதீர்கள்.