பதினைந்து வயதுக்கு எழுதுபவர்

என் வீட்டுக்காரர் பகலில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில் இளம் மனங்களை ஆழம் பார்ப்பவர். மாதப் பத்திரிகை ஒன்றில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குச் சிறுகதை எழுதுகிறார். எங்கள் வீட்டிலும் அந்த வயதில் ஒருத்தி இருக்கிறாள் என்பது, பத்திரிகை ஆசிரியர் திட்டிய பிறகுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

"சார், உங்க கதையில பதினஞ்சு வயசுப் பொண்ணு ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர் மாதிரி பேசுது. அடுத்ததும் இப்படியே இருந்தா வேற ஆளைப் பாக்க வேண்டியதுதான்" என்றாராம்.

அன்றிலிருந்து மனிதர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்க ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை மடித்தவரில்லை. அப்பா திருந்திவிட்டார் என்று நம்பி அவளும் மனம்விட்டுப் பேசினாள். தோழிகள் மூன்று பேரும் தன்னை ஒதுக்கிவிட்டதையும், மதியம் பள்ளி மாடிப்படிக்கு அடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதையும், யாராவது வந்தால் எதையோ தேடுவதுபோல் பையைக் கிளறுவதையும் சொன்னாள். என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அடுத்த மாதம் அத்தனையும் அச்சில் வந்தது. மாடிப்படி, பை, மூன்று தோழிகள், ஒன்றும் குறையவில்லை.

"யாருக்கும் தெரியாது. கதையில பொண்ணுக்குச் சுருட்டை முடி வெச்சிருக்கேன்" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் பூசணிக்காய்க்கு முடி சுருட்டிவிட்டவர். அந்தப் பத்திரிகை அவள் பள்ளி நூலகத்துக்கும் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், எழுதுகிறவரைத் தவிர. வகுப்பே படித்தது. பத்திரிகை ஆசிரியர் மட்டும் "இப்பத்தான் சார் உயிர் வந்திருக்கு" என்று போனில் உருகினார்.

மகள் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஏதாவது கேட்டால் "ம்", அவ்வளவுதான். இரண்டு மாதம் இப்படியே போனது. மனிதர் உண்மையிலேயே ஒடிந்துபோனார், சோறு இறங்கவில்லை.

"போய் அவகிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றேன்.

"பேசத்தான் போறேன்" என்று எழுதுகிற மேசைக்குப் போனார். மூன்று நாளில் ஒரு கதை பிறந்தது. மகளின் நம்பிக்கையைக் கெடுத்த அப்பா, அவள் அறை வாசலில் நின்று அழுது மன்னிப்புக் கேட்கிறார். வெட்கமில்லாமல் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

காலையில் அதை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்.

"நல்லா இருக்குப்பா" என்றாள். இரண்டு மாதத்தில் முதல் வாக்கியம். "இந்த அப்பா நேர்ல வந்து மன்னிப்புக் கேக்குறார்."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தால் போதும். நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"அது கொஞ்சம் நாடகத்தனமா இருக்கோ? எடுத்துடவா?"