வலது தோளில் முந்தானை

எங்கள் பெண்ணின் நிச்சயதார்த்தம் முடிந்த சில நாட்களில் மாப்பிள்ளையின் தங்கை ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து நெகட்டிவ் கேட்டாள். போட்டோ கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு மறந்திருப்பேன். அவர்களுக்குத்தான் ஒரு செட் பிரிண்ட் கொடுத்தாகிவிட்டதே, நெகட்டிவ் எதற்கு?

"பெருசா போடணும் அத்தை. ரெண்டு பேரும் மாலையோட நிக்கறது மட்டும் போதும்."

"எதுக்குமா பெருசா?"

"அது இப்ப சொல்ல மாட்டேன்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மேலே கேட்கவும் வாய் வரவில்லை. வெளி ஆட்களிடம் பேசுவதென்றால் எனக்கு எப்போதுமே கூச்சம். கேட்காமல் விட்ட கேள்வியெல்லாம் உள்ளேயே கிடந்து ஊறும். நெகட்டிவ் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். ஜோசியரிடம் காட்டப் போகிறார்களா, வேறு யாரிடமாவது காட்டி எங்கள் பெண்ணைப் பற்றி விசாரிக்கப் போகிறார்களா என்று அன்று முழுக்க யோசனை.

மாப்பிள்ளைக்கு சிக்பேட்டையில் ஒரு சேட்டு ஜவுளிக் கடையில் வேலை. வீடு ஜோகுபாளையத்தில். நல்ல பையன் என்றுதான் விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதுகூட எனக்கு உறுத்தியது. என் வீட்டுக்காரர் பீன்யாவில் லேத் பட்டறையில் இருந்தார். அவருக்கு உறுத்தல் என்பதே கிடையாது. பையனோடு ஒரு காபி குடித்தார், பிடித்துவிட்டது.

நான் வீட்டிலேயே புடவைக்கு ஃபால் அடித்து, முந்தானைக்குக் குச்சம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மாவின் பட்டுப்புடவையும் குச்சம் கட்ட என்னிடம் வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு நாள் மத்தியானம் பஸ் ஏறினேன். பக்கத்துக் கடையிலிருந்து போன் செய்துவிட்டுப் போயிருக்கலாம். செய்யவில்லை. சொல்லாமல் போனால்தான் ஒரு வீட்டை உள்ளபடி பார்க்க முடியும்.

சம்பந்தியம்மா வீட்டில் இல்லை. தங்கைதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஒந்து நிமிஷம் அத்தை" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லி உள்ளே ஓடி, பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். விரலெல்லாம் ஈரம். நக இடுக்கில் வெள்ளையாகக் காகிதக் கூழ். வீடு முழுக்கப் பசை வாடை.

"உள்ள என்னம்மா வேலை?"

"ஒண்ணுமில்ல அத்தை, ஒரே குப்பை. நீங்க உக்காருங்க, காபி போடறேன்."

அவள் அடுப்பங்கரைக்குப் போனதும், முகம் கழுவுவதாகச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். பின்னறை ஜன்னல் அரைவாசி திறந்திருந்தது.

சுவரில் சாய்த்து ஒரு படம். மரச் சட்டத்தில் இழுத்து அடித்த கேன்வாஸ் துணியில், பழைய காலத்துப் படம் போலக் கறுப்பு வெள்ளையில் இருந்தது. மாப்பிள்ளை மாலையோடு நின்றான். முகம் தெளிவாகத் தெரிந்தது, சந்தேகமே இல்லை. பக்கத்தில் மாலையோடு ஒரு பெண். அவள் முகத்தின் மேல் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒட்டி மறைத்திருந்தது.

எங்கள் பெண்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு என் கண் வழக்கம்போலப் புடவைக்குப் போனது. முந்தானை வலது தோளில் இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று என் பெண்ணுக்கு மடிப்பு வைத்து, முந்தானையை இடது தோளில் பின் குத்திவிட்டவள் நான்தான். வலது தோளில் போடுவது சேட்டு வீட்டுப் பெண்கள். அவன் வேலை செய்வது சேட்டுக் கடை. நாங்கள் கொடுத்ததோ கலர் போட்டோ. இது ஏதோ பழைய படம்.

காபியைப் பாதியில் வைத்தேன். புடவையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் கண்டக்டர் "முந்தே ஹோக்ரி, முந்தே ஹோக்ரி" என்று, முன்னால் போகச் சொல்லிக் கன்னடத்தில் கத்தியும் நின்ற இடத்திலேயே நின்றேன். எங்கள் பெண்ணுக்கு முன்னால் இன்னொருத்திக்கு மாலை போட்டிருக்கிறான். அந்தப் படத்தைத் தங்கைக்காரி அறைக்குள் பூட்டி வைத்துப் பசை போட்டு மறைக்கிறாள். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது.

வீட்டில் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்து கிடந்தது. பிழை பார்த்துக் கொடுத்தால் அச்சுக்குப் போய்விடும். பத்திரிகை ஊரில் நாலு பேர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் கல்யாணத்தை நிறுத்துவது லேசான காரியமா? பெண்ணுக்குத்தானே பேர் கெடும்? எழுத்து சரியில்லை, சாமி படம் சின்னதாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன்.

"அம்மா, தாத்தா பேரை எத்தன வாட்டிதான் பாப்ப?" என்றாள் என் பெண். "உனக்கு என்னதான் பேஜாரு, சொல்லித் தொலையேன்."

அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் வெளியே போன நேரம் பார்த்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்.

"முகத்தப் பாத்தியா?"

"இல்ல. மறைச்சிருந்துச்சு."

"மாப்ள தங்கச்சிய கேட்டியா?"

"கேக்கல."

"முகமும் பாக்கல, வாயும் தொறக்கல. தோளப் பாத்து கல்யாணத்த நிறுத்தச் சொல்றியா? உன்ன போலீஸ்ல சேத்துவிட்டிருக்கணும்டி, ஊர்ல ஒருத்தன் வெளிய இருக்க மாட்டான்." சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு சாயங்காலம் பத்திரிகையக் குடுத்துடுவேன். அதுக்குள்ள போய் பாத்துட்டு வா. நான் போனா சண்டையா ஆயிடும்."

மறுநாள் போனேன். இந்த முறை வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"அந்த ரூம்ல இருக்கற படத்த நான் பாக்கணும்மா."

அவள் ஒரு நிமிடம் விழித்தாள். "பாத்துட்டீங்களா அத்தை? கல்யாணத்தன்னைக்கு குடுக்கலாம்னு அண்ணனுக்குக்கூடத் தெரியாம பண்றேன்" என்று சொல்லி, கதவைத் திறந்துவிட்டாள்.

படம் அப்படியே இருந்தது. பெண்ணின் முகத்தில் இன்னும் வெள்ளை. இது நிச்சயதார்த்த போட்டோதான் என்றாள். கைவேலை கிளாஸில் கற்றுக்கொண்டாளாம். நெகட்டிவிலிருந்து போட்டோவைப் பெரிதாகப் போட்டு, அதை ஜெராக்ஸ் எடுத்து, கேன்வாஸில் பசை தடவி, காகிதத்தைக் கவிழ்த்து ஒட்டிக் காயவிட வேண்டுமாம். பிறகு தண்ணீர் தொட்டுக் காகிதத்தைத் தேய்த்து எடுத்தால் மை மட்டும் துணியில் நிற்குமாம். பழைய படம் மாதிரி இருக்கட்டும் என்று கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறாள்.

"அப்ப முகத்த ஏன் விட்டு வெச்சிருக்க?"

"அண்ணி முகம் அத்தை. கிழிஞ்சிடும்னு பயம், கடைசியா பண்ணலாம்னு."

நான் நம்பவில்லை. தோள் இன்னும் வலது தோளாகத்தானே இருந்தது? "நான் தேய்க்கறேன்" என்றேன். எங்கிருந்து அந்த தைரியம் வந்ததோ.

"வட்டமா தேய்ங்க. நகம் படக் கூடாது. அழுத்தினீங்கன்னா மூக்கு போயிடும்."

தண்ணீரில் விரலை நனைத்து மோவாயிலிருந்து தொடங்கினேன். காகிதம் சப்பாத்தி மாவு போலச் சின்னச் சின்னத் திரியாக உருண்டு வந்தது. உதடு தெரிந்தது. என் பெண்ணின் உதடு மாதிரித்தான் இருந்தது. மாதிரி இருந்தால் போதாது என்று கன்னத்துக்குப் போனேன். அவளுக்கு இடது கன்னத்தில், மூக்கை ஒட்டி மிளகளவு மச்சம் உண்டு. இடது கன்னத்தைத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். வழவழவென்று வெறும் கன்னம்.

தங்கைக்காரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எடுக்கவில்லை. மூக்கு, கண், பிறகு வலது கன்னம். அங்கே, காகிதத்துக்கு அடியிலிருந்து, மிளகளவு கறுப்பாக வந்தது.

"அண்ணி மச்சம் வந்துடுச்சு!" என்று கை தட்டினாள்.

"எம் பொண்ணுக்கு மச்சம் இந்தப் பக்கம்மா" என்று என் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். "முந்தானையும் இந்தப் பக்கம்."

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ! கவுத்து ஒட்டினா பக்கம் மாறி வரும், ஜெராக்ஸ்லயே திருப்பிப் போடச் சொல்லுன்னு மிஸ் சொன்னாங்க. மறந்தே போய்ட்டேனே!"

போட்டோவை எடுத்துவரச் சொன்னேன். பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாப்பிள்ளையின் வாட்சு வலது கையில், சட்டைப் பை வலது பக்கத்தில். அன்றைக்கு ஜன்னல் வழியாக அவனை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. எல்லாம் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

அதற்குள் சம்பந்தியம்மா வந்துவிட்டார். படத்தைப் பார்த்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னடி இது? பொண்ணு பக்கம் மாறி நிக்குது, முந்தானை மாறிக் கெடக்குது. கல்யாணத்துக்கு முன்னாடி இப்படி ஒண்ணு வீட்ல இருக்கலாமா?"

"திருப்பி ஒட்டிட்டேம்மா, அவ்ளோதான். வேற பண்ணிக்கறேன்."

"அவ்ளோதானா? அங்க என்னடான்னா பத்திரிகையே இன்னும் அடிக்கல. இங்க படம் தலைகீழா வருது." சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நானே கேக்கணும்னு இருந்தேன் சம்பந்திம்மா. உங்க பக்கம் ஏதாச்சும் மனசு மாறிடுச்சா? என் பையனப் பத்தி யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா?"

அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. பத்து நாளாக நான் அவர்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது அப்படித்தான். என் கை ஈரமாக, காகிதத் திரி ஒட்டியபடி இருந்தது. அதைப் புடவைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்ப இந்தப் படத்துக்கு என்ன சொல்றீங்க?"

"பத்திரிகை இன்னைக்கு சாயங்காலம் அச்சுக்குப் போகுது" என்றேன்.

"நான் படத்தக் கேட்டேன்."

"தெரியும்" என்றேன். பத்திரிகையில் அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, பெரிய மாமனார் பெயரிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.