மூடி போடாத டிஸ்க்

யாராவது கையில் டிஸ்க்கோடு படியேறி வந்தால், டிஸ்க்கிலிருந்து பதிவுகளை மீட்டுத் தரும் அந்த மாடிக் கடைக்காரர் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரின் மவுஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஒயர் வால் போல வெளியே தொங்கும். "மெல்ல, மெல்ல. எதையும் அமுக்கிடாதீங்க" என்பதுதான் அவருடைய வரவேற்பு. தெருவில் அவருக்கு மெல்ல அண்ணன் என்றே பெயர்.

பயத்துக்குக் காரணம் உண்டு. வீட்டு ரிக்கார்டரில் டிவி நிகழ்ச்சிகளைப் பதிந்தவர்கள் பலர், மூடி போட மறந்துவிட்டார்கள். பதிவு முடிந்தது என்று ரிக்கார்டரே டிஸ்க்கில் குறித்து வைப்பதற்கு அவர் வைத்த பெயர் அது. மூடி இல்லாத டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் காலி என்று எண்ணிக்கொண்டு, "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்கும். சரி என்று தட்டினால் எல்லாம் அழிந்து போச்சு. மூடி போடும்போது கரண்ட் போனாலும் போச்சு. ஒருவருடைய மகள் டிவியில் ஆடிய ஆட்டம் அப்படித்தான் இவர் கண்ணெதிரே போனது.

அதிலிருந்து இவர் சூடு கண்ட பூனை. யூ.பி.எஸ். வாங்கி வைத்திருக்கிறார், அதையும் நம்புவதில்லை. அதில் ரிக்கார்டரின் பிளக் சரியாக நிற்பதில்லையாம். வேலை முடியும்வரை பிளக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்தியிருப்பார். பக்கத்தில் யாரும் இருமக்கூடாது. இருமலுக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் முறைப்பார்.

இன்று வந்தவர் பள்ளி வேன் ஓட்டும் அக்கா. இறந்துபோன தம்பி டிவி வினாடி வினாவில் கலந்துகொண்ட டிஸ்க்கைக் கொண்டுவந்திருந்தார்.

"வேற எதுலயும் அவன் குரல் இல்லண்ணே. திக்குவாய்ங்கிற வெட்கத்துல போன்ல கூடப் பேசமாட்டான்."

"வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டேன். ஏதோ கேட்டுச்சு. என்னத்த அமுக்குனேன்னு ஞாபகம் இல்லண்ணே."

மெல்ல அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. டிஸ்க்கை விளிம்பில் பிடித்துத் தன் ரிக்கார்டருக்குள் விட்டார். திரையில் ஒரே ஒரு பதிவு தெரிந்தது. அழியவில்லை. ஆனால் இனிமேல் போனால் அது தன் கையால் போனதாகும் என்று நினைத்ததுமே நீட்டிய விரலை இரண்டு முறை பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு மூடி போடும் பொத்தானை அமுக்கிவிட்டுப் பிளக்கைப் பிடித்தார்.

வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் ஊர்ந்தது. பாதியில் விளக்கு மினுக்கியது.

"அண்ணே, லைட்டு..."

"பேசாதீங்கம்மா!"

விளக்கு நின்று எரிந்தது. ஒருவழியாக டிஸ்க் வெளியே வந்தது.

"நீங்களே கம்ப்யூட்டர்ல போடுங்க. நான் எதையும் அமுக்கமாட்டேன்" என்று மெல்ல அண்ணன் பிளக்கை விடாமலேயே மவுஸை எடுத்து நீட்டினார்.

திரையில் மைக் முன்னால் ஓர் இளைஞன் நின்றான். "வ... வ..." என்று தொடங்கித் திணறினான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்துத்தான் மெல்ல அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"அதான் முடிஞ்சிருச்சே அண்ணே. கைய எடுங்க."

"அவர் பேசி முடிக்கட்டும்மா" என்றவர், அணைந்து கிடந்த ரிக்கார்டரின் பிளக்கில் இன்னொரு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.