முன்னால் போன சாமான்கள்

போன வாரம் சிங்கப்பூர் ஈசூனில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்காக நின்றபோது பச்சை மரவாசம் அடித்தது. ஏழாவது மாடிக் குடும்பம் பெர்த்துக்குக் குடிபோகிறது. அவர்களுடைய பியானோவுக்கென்று தனியாக ஒரு மரப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண், "ஆன்ட்டி, லிஃப்ட் வந்துடுச்சு, நீங்க போங்க லா" என்றாள். நான் போகவில்லை. வாசத்தை இழுத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எந்த மாடி என்பதைக் கிழவி மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். பரவாயில்லை, அதுவும் அவ்வப்போது நடப்பதுதான்.

அந்த வாசம் வந்தால் எனக்குக் கமலம் அக்கா வந்துவிடுவாள்.

அறுபதுகளின் தொடக்கம். ஃபேரர் பார்க் பக்கம், ரங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் அக்காவும் அத்தானும் குடியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் தவறிய பிறகு நானும் அவர்களோடுதான். தொலைபேசி நிலையத்தில் வெளிநாட்டு அழைப்புகளை இணைக்கும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். நாள் முழுக்க மூக்கால் ஆங்கிலம் பேசிவிட்டு வருவேனா, வீட்டுக்கு வந்தும் அந்தக் குரல் இறங்காது. "மகாராணி வந்துட்டாங்க, காப்பி குடு" என்பார் அத்தான்.

அவரிடம் ஒரு பச்சைக் கார் இருந்தது. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. எனக்கு ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திடலோரம் கூட்டிப்போனார். நான் நேராகச் சாக்கடைக்குள் இறக்கினேன். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து தூக்கிவிட்டார்கள். அத்தான் என்னைத் திட்டவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்து, அடிபட்ட குழந்தையைத் தடவுவதுபோல் தடவினார். அவ்வளவு பிரியம்.

அவர் ஓர் ஆங்கிலக் கம்பெனியில் குமாஸ்தா. அவருடைய அண்ணன் ரங்கூனில் கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். பங்காளியாக வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட, அத்தானுக்குத் தூக்கம் போயிற்று. "எத்தனை காலத்துக்கு அடுத்தவன் மேசையில உக்காந்திருக்கிறது?" என்பார். "ரங்கூன் ரோட்டுல இருந்து ரங்கூனுக்கே போறோம், அவ்வளவுதானே" என்று சொல்லிச் சிரிப்பார். அக்கா சிரிக்கமாட்டாள். அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை.

வாசலில் இரண்டு சீனத் தச்சர்கள் பெட்டி அடித்தார்கள். சந்து முழுக்க மரத்தூள், வைக்கோல். கட்டில், பீரோ, தையல் மெஷின், அம்மாவின் வெண்கலப் பாத்திரங்கள் எல்லாம் உள்ளே போயின. பிறக்கப்போகும் பிள்ளைக்காக வாங்கிய தேக்குத் தொட்டிலும் போயிற்று. தேக்கு விளைகிற நாட்டுக்கே தேக்குத் தொட்டிலா என்று நான் கேலி செய்தேன். பெட்டிகளின் மேல் கறுப்பு மையில் ரங்கூன் என்று ஆங்கிலத்தில் எழுதியபோதுதான் எனக்குக் கேலி நின்றது. தெரிந்த சாமான்களின் மேல் தெரியாத ஊரின் பெயர். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா உள்ளறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சரக்குக் கப்பலில் சாமானும் காரும் முதலில் போகவேண்டும். அத்தானும் அக்காவும் மூன்று வாரம் கழித்துப் பயணிக் கப்பலில். கார் ஏற்றுவதைப் பார்க்கத் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் போனோம். பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, நான்கு சக்கரங்களையும் கயிற்று வலையில் கட்டினார்கள். கார் மெல்ல எழும்பியது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, தண்ணீருக்கு மேலே, ஏனோ அப்படியே நின்றுவிட்டது. காற்றில் ஒரு சுற்று சுற்றியது. அப்போது பின்கதவு தானாகத் திறந்தது. அக்கா தைத்துப் போட்டிருந்த மெத்தைத் திண்டு வழுக்கி வந்து கடலில் விழுந்தது. கதவு திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு பாரந்தூக்கி மறுபடி நகர்ந்தது. "திண்டுதானே, வேற தைச்சுக்கலாம்" என்றார் அத்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், அக்கா என் காதருகே சொன்னாள்: "யாரோ இறங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சுடி."

வெற்று வீட்டில் பேசினால் சுவர் திருப்பிப் பேசும். பாயில் படுத்து, கடன் வாங்கிய சட்டியில் சமைத்தோம். அந்த நாட்களில்தான் காதர் பாய் வந்தார். ரங்கூனில் பல வருடம் துணிக்கடை நடத்தியவர். அதை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்திருந்தார். அத்தானின் அண்ணனைத் தெரியும் என்பதால் பார்க்க வந்தார். உட்கார நாற்காலி இல்லை. பாயில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"சாமான் எங்க தம்பி?"

"கப்பல் ஏறிடுச்சு பாய்."

பாய் தேநீர்க் குவளையைத் தரையில் வைத்தார். "எங்காளுங்க ஒவ்வொருத்தரா கடையைக் கைமாத்திட்டு வர்றாங்க. நீங்க போறீங்க."

"ஏன் பாய், சண்டையா அங்க?"

"சண்டை ஒண்ணும் இல்ல. பட்டாளத்து லாரிங்க கடைத்தெருவுல மெதுவா போகுது, வருது. யாரும் எதுவும் கேக்கறதில்ல. அதுதான் எனக்குப் பிடிக்கல."

அவர் போன பிறகு அத்தான், வியாபாரத்தில் தோற்றவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்றார். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் சமையல்கட்டில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை பொறக்கற வரைக்கும் இங்கேயே இரு, அக்கா. அத்தான் முதல்ல போய்ப் பார்க்கட்டும். நான் சம்பாதிக்கிறேன்ல?"

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சாமானெல்லாம் போயாச்சு. நான் மட்டும் இங்க எதுல படுக்க?"

"கட்டிலுக்காகவா போவாங்க?"

"பின்ன எதுக்குப் போறாங்க எல்லாரும்?" என்றாள். கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

போனார்கள். பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. அதன் பிறகு ஒருநாள் காலை வேலைக்குப் போனால், ரங்கூன் லைன் செத்துக் கிடந்தது. அங்கே ஆட்சி பட்டாளத்தின் கைக்குப் போய்விட்டது என்றார்கள். ரங்கூனுக்கு யார் கேட்டாலும் லைன் இல்லையென்று சொல்லும்படி உத்தரவு. பகல் முழுக்கச் சொன்னேன். செட்டியார் ஒருவர் என்னிடம் கெஞ்சினார். தன் மகன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பியபோது நானே ஒருமுறை இணைப்புக் கம்பியைச் செருகிப் பார்த்தேன். மழை பெய்வது போன்ற இரைச்சல் மட்டும் கேட்டது. அந்த இரைச்சலில் "அக்கா" என்று கூப்பிட்டேன். எவ்வளவு பைத்தியக்காரத்தனம் பாருங்கள்.

அவர்கள் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடை மேலும் இரண்டு வருடம் ஓடியது. பிறகு கடைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. சிப்பாய்கள் வந்து, மரியாதையாக நாற்காலியில் உட்கார்ந்து, சாவியைக் கேட்டார்களாம். வாசலில் நின்ற பச்சைக் காரும் கடைச்சொத்தில் சேர்ந்தது. நாட்டை விட்டுக் கிளம்பியபோது வீட்டுச் சாமான் எதையும் கொண்டுபோக விடவில்லை. கப்பல் ஏறும்போது சோதனை போட்டு அக்காவின் தோட்டையும் குழந்தையின் கம்மலையும் கழற்றிக்கொண்டார்கள். மெட்ராஸில் போய் இறங்கினார்கள். குடியுரிமை எடுக்காமல் போனவர்கள் என்பதால் சிங்கப்பூருக்குத் திரும்ப வழியில்லை. அத்தான் ஒரு மண்டியில் கணக்கெழுதப் போனார்.

நான் லீவு எடுத்துக்கொண்டு மெட்ராஸ் போனேன். ஓட்டு வீடு, ஒற்றை அறை. சுவரில் ஆணிகூட இல்லை. குழந்தை என்னை யாரோ என்று பார்த்தது. அத்தான் என்னைப் பார்த்ததும் "மகாராணி வந்துட்டாங்க" என்றார். காப்பி என்று சொல்லவில்லை. அக்காவிடம், ஊருக்குப் போனதும் ஒரு கட்டிலும் பாத்திரமும் வாங்கிக் கப்பலில் அனுப்புகிறேன் என்றேன்.

அவள் அவசரமாக என் கையைப் பிடித்தாள். "எதுவும் அனுப்பாத. வீட்டுல சாமான் சேர்ந்தா எனக்குப் பயமா இருக்கும்."

அனுப்பவில்லை. சாகும்வரை அவள் தரையில்தான் படுத்தாள்.

இப்போது அத்தானும் இல்லை, அந்தச் சந்து வீடுகளும் இல்லை. ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, ரங்கூன், மெட்ராஸ் என்று போன கப்பல்களும் இல்லை. வழியனுப்புவதென்றால் இன்றைக்கு விமான நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கதவு; போனவர் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். கப்பல் அப்படியில்லை. அது புறப்பட்ட பிறகும் வெகுநேரம் கண்ணெதிரிலேயே இருக்கும். தண்ணீர் அகலமாகிக்கொண்டே போகும். ரங்கூனுக்குப் போன அன்று அக்கா மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முகம் எப்போது மற்ற முகங்களோடு கலந்துபோனது என்று எனக்குத் தெரியவில்லை.